கிள்ளான் லோரி ஆபீசின் நெட்வொர்க்கைத் தேடி ஒரு ரயில் பயணம்

இந்தத் தளத்தில் வழக்கமாக நான் எழுதுவது கோயில், கடற்கரை, மலை, சாப்பாடு. இந்த முறை போனது ஒரு லோரி ஆபீசுக்கு. சுற்றுலாவாக நினைத்துத்தான் கிளம்பினேன். பத்துமலையும் ஏறினேன், பிரிக்பீல்ட்ஸில் வயிறு நிறையச் சாப்பிடவும் செய்தேன். இருந்தாலும் திரும்பி வந்ததிலிருந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது கிள்ளானில் ஒரு கடைவீட்டின் மாடியில் நடந்த கதையைத்தான். அதனால் அதையே எழுதுகிறேன். ரயில், ஹோட்டல் விவரங்களும் உள்ளே உண்டு. கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இரண்டுமே உதவும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் பத்தொன்பது ஆண்டுகள் கணினிகளையும் நெட்வொர்க்கையும் பார்த்துக்கொண்டேன். போன வருடம் அந்தப் பிரிவையே வெளியாட்களிடம் கொடுத்துவிட்டார்கள். கைகுலுக்கி, ஒரு கேக் வெட்டி, அனுப்பிவைத்தார்கள். வீட்டிலிருந்தபடியே சொந்தமாகத் தொழில் தொடங்கினேன். எட்டு மாதத்தில் வந்த அழைப்புகளில் பாதி, "ஆன்டி, வைஃபை பாஸ்வர்ட் மறந்துட்டேன்" வகை. மீதிப் பாதி, "உங்க வீட்டுக்காரர் இல்லையா? அவர்தானே கம்ப்யூட்டர் பாக்கறவர்?" வகை. என் கணவர் பள்ளி ஆசிரியர். பிரிண்டரில் காகிதம் சிக்கினால் என்னைத்தான் கூப்பிடுவார்.

அப்படி இருந்தபோதுதான் பள்ளி விடுமுறை முடிந்த மறுவாரம் கோகிலா அழைத்தாள். என் கல்லூரித் தோழி. கிள்ளானில் ஏழு லோரிகள் வைத்து, துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றும் நிறுவனம் நடத்துகிறாள்.

"விமலா, நீ பத்துமலைக்கு வரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தியே, இப்பவே வாயேன். வந்து என் ஆபீசையும் ஒரு தடவ பாரு. மூணு மாசமா சர்வர் இருக்கு, இல்லை, இருக்கு, இல்லைன்னு கண்ணாமூச்சி ஆடுது. ரெண்டு கம்பெனி வந்து பாத்துட்டாங்க. ரெண்டு பேருமே எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் புதுசா போடச் சொல்றாங்க."

"அவங்க வந்தப்ப பிரச்சனை இருந்துச்சா?"

"அதான் கூத்து. காலைல எட்டு மணிக்கு வந்தாங்க, எல்லாம் ஒழுங்கா ஓடுது. போன பிறகு படுத்துடுது."

பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள். தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் ஒரு தொழிற்சாலைதான் அவளுடைய பெரிய வாடிக்கையாளர். ஒவ்வொரு கன்டெய்னரும் கிளம்பிய அரை மணி நேரத்துக்குள் அதன் விவரத்தை அவர்களுடைய இணையப் பக்கத்தில் பதிவு செய்ய வேண்டும். மூன்று மாதமாகப் பாதி நாள் தாமதம். வரும் புதன்கிழமை ஒரு நாள் சோதனை. பன்னிரண்டு கன்டெய்னர். ஒன்று தவறினாலும் ஒப்பந்தம் வேறொருவருக்குப் போய்விடும். ஏழு லோரிகளில் நான்கு அந்த ஒரு தொழிற்சாலையை நம்பித்தான் ஓடுகின்றன.

சரி, செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றேன்.

ஈப்போவிலிருந்து கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு விரைவு மின்ரயில் எடுத்தேன். தூரம் சுமார் இருநூறு கிலோமீட்டர், பயணம் இரண்டரை மணி நேரம். காலை ஆறு மணிக்குக் கிளம்பும் வண்டியில் எனக்குக் கிடைத்த இருக்கை 46 ரிங்கிட். கடைசி நேரத்தில் பதிவு செய்தால் மலிவான இருக்கைகள் போய்விடும், ஒரு வாரம் முன்பே எடுத்துவிடுங்கள். வண்டிக்குள் குளிர் அதிகம். சால்வை கொண்டுபோகாதவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

எட்டரை மணிக்கு இறங்கினேன். தமிழர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ், ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே. பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தால் பத்து நிமிடம், ஆனால் நடைபாதை ஒரே சீராக இருக்காது. துன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால் ஒரு சிறிய ஹோட்டல், இரவுக்கு 110 ரிங்கிட், பசியாற எதுவும் கிடையாது. அது ஒரு குறையே இல்லை. இறங்கி நாலு எட்டு வைத்தால் தோசைக்கல் சத்தம். இரண்டு தோசை, ஒரு வடை, நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் டீ, ஒன்பது ரிங்கிட் ஐம்பது காசு. பெட்டியை வரவேற்பில் விட்டுவிட்டு, கருவிப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி ஸ்டேஷனுக்குப் போனேன்.

கிள்ளானுக்குக் கொமுட்டர் என்கிற புறநகர் ரயில். ஒரு மணி நேரத்துக்குச் சற்றே குறைவு, கட்டணம் ஐந்து ரிங்கிட்டைத் தாண்டாது. சுபாங் ஜெயாவில் மாணவர்கள் இறங்கிய பிறகு உட்கார இடம் கிடைத்தது. ஷா ஆலம் தாண்டியதும் பெட்டி கிட்டத்தட்ட காலி. கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து தெங்கு கிளானா சாலைக்கு நடந்தே போகலாம். பூக்கடை, நகைக்கடை, பலகாரக்கடை, பாட்டுக் கேட்கும் கடை. கோகிலாவின் ஆபீஸ் அங்கிருந்து காரில் பத்து நிமிடம். செயலியில் அழைத்த கார் எட்டு ரிங்கிட்.

ஓட்டுநர் ஒரு தமிழர். பையைப் பார்த்துவிட்டு, "என்னா அக்கா, ஏர்கோன் வேலையா?" என்றார்.

"கம்ப்யூட்டர் அண்ணே."

"பொம்பளைங்க இதெல்லாம் செய்வாங்களா இப்ப?"

"இருபது வருசமா செய்யறாங்க அண்ணே," என்றேன். அவர் சிரித்துவிட்டு, தன் கைப்பேசி ஏன் சூடாகிறது என்று கேட்க ஆரம்பித்தார். இறங்கும்வரை அதுதான் பேச்சு.

அது இரண்டு மாடிக் கடைவீட்டு வரிசை. கோகிலாவின் ஆபீஸ் மேல்மாடியில். உள்ளே ஒன்பது கணினி, ஒரு சர்வர், ஒரு ரவுட்டர், ஒரு பிரிண்டர். எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டி ஓர் அலமாரிக்கு மேல். அந்த சர்வரின் தலையில் ஓர் எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருந்தது.

"அது நான் வெச்சது தங்கச்சி," என்றார் பாலன் அண்ணன். லோரிகளை அனுப்பும் பொறுப்பு அவருடையது. இருபது வருடம் தானே லோரி ஓட்டியவர், முழங்கால் வலி வந்த பிறகு மேசைக்கு மாறியவர். "செவ்வாக்கிழம அம்மன் கோயில்ல வாங்கிட்டு வந்து வெப்பேன். நீ நம்பமாட்ட, செவ்வாக்கிழம மட்டும் இந்தச் சனியன் ஒரு தடவகூட படுத்ததில்ல."

"மத்த நாள்?"

"மத்த நாள் பழம் பழசாயிடுதுல்ல," என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

நான் சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். எதையும் தொடுவதற்கு முன் சுவிட்ச் பெட்டியைப் படமெடுத்துக்கொள்வது என் பழக்கம். பதினாறு துளைகள். பன்னிரண்டில் பச்சை விளக்கு. மூன்று கேபிள் செருகியிருந்தும் விளக்கு எரியவில்லை. காலியான மேசைகளுக்குப் போகிற கேபிள்களாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து பார்த்தேன். சர்வரின் வட்டு நலமாக இருந்தது. மின்விசிறியில் இருந்த தூசியைத் துடைத்தேன். கணக்குப் பிரிவில் ஒரு கேபிளின் முனை ஆடியது, வெட்டிப் புது முனை போட்டேன். மாலை ஐந்தரை வரை காத்திருந்தேன். ஒரு நொடிகூட எதுவும் அறுந்துபோகவில்லை.

"அந்தக் கேபிள்தானா?" என்றாள் கோகிலா, கண்ணில் அத்தனை ஆசையோடு.

ஆமாம் என்று சொல்ல எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. ஆனால் ஒரு மேசையின் கேபிள் ஒன்பது கணினியையும் படுக்கவைக்காது. "இல்ல கோகி. நான் இன்னும் அதப் பாக்கவே இல்ல. நாளைக்குக் காலைல ஏழே முக்காலுக்கு இங்க இருப்பேன்."

பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பும் ரயிலில் கூட்டம் எதிர்த்திசையில்தான், எனக்கு வசதியாக உட்கார இடமிருந்தது. மனம்தான் வசதியாக இல்லை. நலமாக இருப்பவன் மாதிரி நடிக்கும் நோயாளியைப் பரிசோதித்த மருத்துவர் போல இருந்தேன். காலையில் வந்தவர்களுக்கும் பிடிபடவில்லை. செவ்வாய்க்கிழமை எனக்கும் பிடிபடவில்லை. அப்படியென்றால் இந்தக் கோளாறு கணினிக்குள் இல்லை, நேரத்தில் இருக்கிறது. சில மணிகளில் வருகிற ஏதோ ஒன்று, செவ்வாய்க்கிழமை வராத ஏதோ ஒன்று. எலுமிச்சம்பழத்தைக் கேலி செய்தேனே தவிர, பாலன் அண்ணன் சொன்னதில் பாதி துப்பு இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் முதல் வேலையாக அவரிடம் போனேன். "அண்ணே, காலைல எத்தன மணிக்குப் படுக்கும்?"

"பத்துக்குள்ள ஒருநாளும் இல்ல. பதினொண்ணுக்கு மேலதான். சாயந்தரம் ஏழுக்கு மேல யாராச்சும் இருந்தா நல்லா ஓடும்."

"பதினொண்ணுக்கு இந்த ஆபீசுல என்னா புதுசா நடக்குது? யாராச்சும் எதையாச்சும் தட்டி விடறாங்களா? தண்ணி சுட வைக்கிறது, ஏர்கோன், எதாச்சும்?"

எல்லாரையும் கேட்டேன். ஒன்றும் இல்லை. ஏர்கோன் எட்டு மணிக்கே ஓடுகிறது. பதினொன்றுக்கு இந்த ஆபீசில் எதுவுமே மாறுவதில்லை.

சோதனை நாள் அழகாகத் தொடங்கியது. முதல் கன்டெய்னர் ஒன்பதேகாலுக்குத் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பியது. பாலன் அண்ணன் சர்வரிலிருந்து கன்டெய்னர் கதவின் முத்திரை எண்ணை எடுத்துப் பதிவு செய்தார். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. தொழிற்சாலையில் புவான் (திருமதி) ரோஸ் என்ற மேலாளர் ஒவ்வொரு பதிவையும் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கோகிலா சொன்னாள். நான் என் மடிக்கணினியை சுவிட்ச் பெட்டியில் செருகி, எங்கள் ரவுட்டரை நோக்கி நொடிக்கொரு தரம், "இருக்கிறாயா?" என்று கேட்கும் கட்டளையை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். பதில் வந்துகொண்டே இருந்தது.

பதினொன்று அடித்துச் சில நிமிடங்கள் ஆகியிருக்கும். "போச்சு!" என்றார் பாலன் அண்ணன்.

ஐந்தாவது கன்டெய்னர் அப்போதுதான் கிளம்பியிருந்தது. சர்வரைக் காணோம். கணக்குப் பிரிவிலும் காணோம். யாரோ அச்சுக்குக் கொடுத்த தாள் பிரிண்டருக்கு வரவில்லை. கோகிலாவின் முகம் வெளுத்துவிட்டது.

முதல் வேலை, ரத்தம் வழிவதை நிறுத்துவது. என் கைப்பேசியின் இணையத்தைத் திறந்து பாலன் அண்ணனின் கணினியை அதில் இணைத்தேன். தொழிற்சாலையின் பக்கம் வந்தது. ஆனால் முத்திரை எண் சர்வரில் மாட்டிக்கொண்டிருந்தது. பாலன் அண்ணன் ஒரு நொடிதான் யோசித்தார். கைப்பேசியை எடுத்து ஓட்டுநரைப் பிடித்தார்.

"டேய் ராஜா, எங்க இருக்க? ஓரமா நிறுத்து. பின்னாடி போயி கதவுல இருக்கற சீல் நம்பரப் பாத்துப் படி. ஏன்னு அப்பறம் சொல்றேன் லா, நீ இறங்கு முதல்ல!"

ஓட்டுநர் சாலையோரம் நின்று படிக்கப் படிக்க, இவர் இரண்டே விரலால் தட்டித் தட்டிப் பதிந்தார். ஐந்தாவது தப்பித்தது. "நான் இப்படியே ஓட்டறேன் தங்கச்சி. நீ போயி அந்தப் பேயப் பிடி!"

நான் மடிக்கணினிக்குத் திரும்பினேன். விசித்திரம் என்னவென்றால், ரவுட்டரிடமிருந்து பதில் வருவது நிற்கவே இல்லை. சர்வர் இல்லை, பிரிண்டர் இல்லை, ரவுட்டர் மட்டும் கூப்பிட்டால் உடனே குரல் கொடுக்கிறது. எனக்கு ஒரு சந்தேகம். போய் எங்கள் ரவுட்டரின் மின்சார ஒயரையே சுவரிலிருந்து பிடுங்கினேன். அதன் விளக்குகள் எல்லாம் அணைந்தன.

திரும்பி வந்து திரையைப் பார்த்தேன். பதில் வந்துகொண்டே இருந்தது.

கோகிலாவைக் கூப்பிட்டேன். "கோகி, இங்க வா. நம்ம ரவுட்டர் செத்துக் கிடக்கு. ஆனா அதோட நம்பருக்கு யாரோ பதில் சொல்றாங்க."

"யாரு?"

"அதான் தெரியல. இந்த வயர்ல நாம இல்லாத வேற ஒருத்தர் இருக்காங்க."

கணினி தெரியாதவர்களுக்கு இதை இப்படிச் சொல்லலாம். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வீட்டு எண் உண்டு. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? சில நாள் இங்கே போடுவார், சில நாள் அங்கே போடுவார். எங்கள் ரவுட்டரின் எண்ணை இன்னொரு ரவுட்டரும் வைத்திருந்தது. அதோடு நிற்காமல், தன்னிடம் வந்த கருவிகளுக்கெல்லாம் எங்கள் சர்வரின் எண்ணையும் பிரிண்டரின் எண்ணையும் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இனி அது எந்தக் கேபிள் வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். நாற்காலி மேல் ஏறி நின்றேன். கோகிலாவை மடிக்கணினி முன்னால் உட்காரவைத்தேன். "ஒண்ணொண்ணா பிடுங்கறேன். பதில் நின்னா கத்து."

ஒன்று. "வருது." திரும்பச் செருகினேன். இரண்டு. "வருது." மூன்று, நான்கு. பின்னால் பாலன் அண்ணன் வேறொரு ஓட்டுநரிடம், "ஆறா ஒம்பதா, ஒழுங்கா சொல்லு லா!" என்று கத்திக்கொண்டிருந்தார். ஆறாவது கன்டெய்னர் பதிவாகிவிட்டது என்று கையைத் தூக்கிக் காட்டினார். எட்டு. "வருது." பதினொன்று. "வருது." எனக்குக் கழுத்து வலித்தது. பதினான்காவது கேபிளைப் பிடுங்கினேன்.

"நின்னுடுச்சு!" என்று கோகிலா போட்ட சத்தத்தில் கணக்குப் பிரிவில் ஒரு பெண் தேநீரைக் கொட்டிவிட்டாள்.

திரும்பச் செருகினேன். "வருது!" பிடுங்கினேன். "நின்னுடுச்சு! நின்னுடுச்சு விமலா!"

நேற்று எடுத்த படத்தைக் கைப்பேசியில் திறந்தேன். நேற்று விளக்கு எரியாத மூன்று கேபிள்களில் பதினான்காவதும் ஒன்று. இன்று பளிச்சென்று பச்சையாக எரிந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே தொடர்ந்தேன். அலமாரிக்குப் பின்னால் மேலே போய், கூரைப் பலகைக்குள் நுழைந்து, வலது பக்கச் சுவருக்குள் மறைந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இவர்களுடைய அறை எதுவும் இல்லை. அது அடுத்த கடைவீடு.

"பக்கத்துல யாரு?"

"பத்மா. சேலையும் பிளவுஸ் தையலும். மூணு மாசம் முன்னாடிதான் வந்தா..." கோகிலா பாதியில் நிறுத்தினாள். "மூணு மாசம்!"

"எத்தன மணிக்குத் திறப்பாங்க?"

"பதினொண்ணுக்கு. செவ்வாக்கிழம லீவு." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு பேரும் படியிறங்கி, பக்கத்துப் படியில் ஏறி, மூச்சுவாங்க உள்ளே போய் நின்றோம். பத்மாவுக்கு முப்பது வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா. ஒரு வாடிக்கையாளர் அட்டையை நீட்டிக்கொண்டிருக்க, பத்மா பணம் வாங்கும் கருவியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்குங்க ஆன்டி, இந்த மெஷின் இப்படித்தான், ரெண்டு தடவ தட்டணும்," என்று அவரிடம் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தாள். "வாங்க அக்கா, பிளவுஸா?"

"இல்லம்மா. உங்க ரவுட்டர் எங்க இருக்கு?"

அது மேசைக்கு அடியில் இருந்தது. அதன் முதுகிலிருந்து ஒரு நீலக் கேபிள் சுவரில் இருந்த ஒரு துளைக்குள் போயிற்று. முன்பு இரண்டு கடைவீடும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தபோது போட்ட துளை அது. அவர்கள் காலி செய்தபோது சுவரை எழுப்பினார்கள், கேபிளை அப்படியே விட்டுவிட்டார்கள். கடை திறந்த புதிதில், சுவர்த் துளையில் செருகினால் பின்னறையிலும் இணையம் வரும் என்று நினைத்துப் பத்மாவின் கணவர் செருகிவிட்டிருக்கிறார். பின்னறைக்கு எதுவும் போகவில்லை. கோகிலாவின் ஆபீசுக்குத்தான் போனது.

"இத எடுத்துடவா?" என்றேன்.

"எடுங்க அக்கா, அது எதுக்குன்னே எங்களுக்குத் தெரியாது."

நீலக் கேபிளைப் பிடுங்கினேன். ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டேன். அடுத்த தட்டலிலேயே பணம் வாங்கும் கருவி சீட்டைத் துப்பியது. பத்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "ஒரே தட்டுலயா? மூணு மாசமா பேங்க்காரங்கள நான் கத்தாத கத்து இல்ல அக்கா!"

பிறகு ஏதோ நினைவு வந்தவளாக உள்ளே போய் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தாள். "அப்ப இதுவும் உங்களுதா? எங்க பிரிண்டர்ல தானா வரும். செகண்ட்ஹேண்ட் பிரிண்டர், பழைய ஓனரோட குப்பைன்னு நெனச்சேன்."

கோகிலாவின் ஆபீசில் அச்சுக்குக் கொடுத்துக் காணாமல் போன தாள்கள்! நிறுவனத்தின் பெயர் முன்பே அச்சடித்த தாள் அவர்களுடைய பிரிண்டரில்தான் இருக்கும், இங்கே வந்தவை வெற்றுத் தாளில் வெறும் கன்டெய்னர் எண்கள். யாருடையது என்று பத்மாவுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பென்சிலால் பிளவுஸ் கழுத்து வரைந்திருந்தாள். வட்டக் கழுத்து, படகுக் கழுத்து, முதுகில் நாடா வைத்தது. கோகிலா ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். அட்டையை நீட்டிய ஆன்டிக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது, அவரும் சிரித்தார்.

ஆபீசுக்குத் திரும்பி ஓடி எங்கள் ரவுட்டருக்கு மின்சாரம் கொடுத்தேன். கணினிகளை ஒவ்வொன்றாக மறுபடி தொடங்கச் சொன்னேன். சர்வர் வந்தது. பிரிண்டர் உறுமியது. பன்னிரண்டுக்குள் நின்றதெல்லாம் மறுபடி வேலை செய்தது.

ஏழாவது கன்டெய்னரை பாலன் அண்ணன் சர்வரிலிருந்தே பதிந்தார். எட்டு, ஒன்பது, பத்து. மதியம் ஒருவரும் வெளியே போகவில்லை. நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் வாங்கி வரச் சொல்லி மேசையிலேயே சாப்பிட்டோம். பன்னிரண்டாவது கன்டெய்னர் நாலரைக்குக் கிளம்பியது. பதிவு பச்சையாக மாறியதும் பாலன் அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, முழங்கால் வலியை மறந்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று நான் கேட்கவில்லை.

ஐந்து மணிக்குப் புவான் ரோஸ் அழைத்தார். கோகிலா ஒலிபெருக்கியில் போட்டாள். பன்னிரண்டும் நேரத்துக்குள் வந்துவிட்டன, ஒப்பந்தத்தைத் தொடரலாம், திங்கட்கிழமையிலிருந்து கன்டெய்னரைக் கூட்டவும் யோசிக்கிறோம் என்று மலாயில் நிதானமாகச் சொன்னார். கோகிலா மூன்று முறை நன்றி சொல்லி வைத்தாள். வைத்த பிறகு என் தோளில் தலையைச் சாய்த்து அழுதாள். கணக்குப் பிரிவுப் பெண்கள் கைதட்டினார்கள்.

எனக்கு அந்தக் கைதட்டல் புதிது. பத்தொன்பது ஆண்டு மருத்துவமனையில் ஒரு கணினி ஓடினால் யாரும் கவனிக்கமாட்டார்கள், நின்றால் மட்டும்தான் தேடுவார்கள். அன்று ஓர் அறை முழுக்க மனிதர்கள், எல்லாம் ஓடுகிறது என்பதற்காகவே கைதட்டினார்கள். பாலன் அண்ணன் காரில் என்னை ஸ்டேஷனில் இறக்கிவிட்டபோது, "தங்கச்சி, நீ வரலன்னா நாலு டிரைவர் வீட்டுல அடுப்பு எரியாது," என்றார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் இன்னும் இருபது வருடம் வேலை செய்வேன்.

மறுநாள் பத்துமலை. கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் அரை மணி நேரம், மூன்று ரிங்கிட்டுக்கும் குறைவு. ஏழரைக்கெல்லாம் அடிவாரத்தில் இருந்துவிடுங்கள். வெயில் ஏறினால் படி சுடும், கூட்டமும் வந்துவிடும். கையில் தின்பண்டம் வேண்டாம், குரங்குகள் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். மேலே குகைக்குள் முருகன் சந்நிதியில் நின்றபோது வேண்டிக்கொள்ள எதுவும் தோன்றவில்லை. சும்மா நின்று, குளிர்ந்த கல்லின் வாசனையை மூச்சில் இழுத்துவிட்டு இறங்கினேன். அடிவாரத்தில் வாழை இலைச் சாப்பாடு பதினான்கு ரிங்கிட். பிற்பகல் ரயிலில் ஈப்போ.

என்னைப் போலத் தொழில் பார்க்கிறவர்களுக்குச் சில வார்த்தை. ரயிலில் போவதென்றால் கருவிப் பையைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள்: திருப்புளி, கேபிள் சோதிக்கும் கருவி, முனை போடும் இடுக்கி, பத்து மீட்டர் கேபிள் போதும். கோளாறு தெரியாத நேரத்தில் ஒரு படம், தெரிகிற நேரத்தில் ஒரு படம் எடுங்கள். எப்போது வருகிறது என்பதோடு எப்போது வருவதில்லை என்பதையும் கேளுங்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் அதற்குச் சொல்லும் காரணம் தவறாக இருக்கலாம், அவர்கள் கவனித்தது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கேபிளின் இரண்டு முனையிலும் பெயர் ஒட்டுங்கள். கடைவீடு வாடகைக்கு எடுத்தால் சுவரில் இருக்கும் பழைய துளை எங்கே போகிறது என்று கேட்காமல் எதையும் செருகாதீர்கள்.

கிள்ளானுக்குச் சுற்றிப்பார்க்க மட்டும் போகிறவர்கள் வார நாளில் போங்கள். தெங்கு கிளானா சாலையில் சனி ஞாயிறு நடக்கவே இடம் இருக்காது. இரவு பிரிக்பீல்ட்ஸில் தங்கினால் இரண்டு பக்கமும் ரயில் வசதி.

இதை எழுதி முடிக்கும் இன்று நான் மறுபடி கிள்ளானில்தான் இருக்கிறேன். அதே வரிசையில் நான்கு கடை தள்ளி ஒரு பல் மருத்துவமனை, ஆறு கணினி. அந்த டாக்டரிடம் என் எண்ணைக் கொடுத்தது பத்மா. அவர் அழைத்தபோது என் கணவர் இருக்கிறாரா என்று கேட்கவில்லை. "விமலாதானே? எப்ப வரமுடியும்?" என்று மட்டும் கேட்டார்.